கூந்தலை உலர்த்தும் காற்றின் கதை

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, மம்சாபுரம் ஆகிய மலையடிவாரத்து ஊர்களில் எதுவும் எளிதில் காய்வதில்லை. கொடியில் போட்ட துணி காய்வதில்லை. களத்தில் கொட்டிய நெல் காய்வதில்லை. தலைக்குக் குளித்த பெண்களின் கூந்தலும் காய்வதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் பெண் பிள்ளை ஈரத் தலையை அப்படியே பின்னிக்கொண்டு போகிறாள். மாலையில் பின்னலை அவிழ்த்தால் ஒருவித வாடை வீசுகிறது. நெளி மயிரோ சுருட்டை மயிரோ உள்ளவளாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. காலையில் படிய வாரிய தலை பகலுக்குள் சிலிர்த்து, நூல் நூலாகப் பிரிந்து எழும்பி நிற்கும். இதைத்தான் நாம் 'பரட்டைத் தலை' என்கிறோம்.

இத்தகைய தலையை அடக்குவதற்குக் கடைகளில் கூந்தல் உலர்த்திகள், அதாவது ஹேர் டிரையர்கள், வந்து குவிந்திருக்கின்றன. அயனி, செராமிக், டூர்மலின் என்று பெட்டியின்மேல் பல சொற்கள் அச்சிடப்பட்டுள்ளன. இவற்றுள் எது பயனுள்ளது, எது வெறும் விளம்பரம்? பணம் கொடுத்து வாங்கிய கருவியே கூந்தலைப் பொசுக்கிவிடாமல் இருக்க என்ன செய்யவேண்டும்? இக்கேள்விகளுக்கு விடை வேண்டுமானால், கூந்தலை மனிதன் எவ்வாறு உலர்த்தி வந்தான் என்ற வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்கவேண்டும். அந்த வரலாற்றில் கூமாப்பட்டிக்கு மேற்கே நிற்கும் மலைக்கும் ஓர் இடம் உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

அகிலும் சாம்பிராணியும்

கூந்தலுக்குச் சூடான காற்றைக் காட்டுவது மேல்நாட்டார் சொல்லித்தந்த வழக்கம் அன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை கூதிர்கால வாழ்க்கையை விரிவாகக் காட்டும் நூல். மழையும் குளிரும் மிகுந்த அக்காலத்தில் பெண்கள் மாலை தொடுத்து அணிவதை விடுத்துச் சில மலர்களை மட்டும் சூடுவதையும், நறுமணக் கட்டைகளில் தீ மூட்டி அகில் புகை எழுப்புவதையும் அந்நூல் கூறுகிறது. புகை மணத்தைத் தந்தது. அதனுடன் எழுந்த வெம்மை ஈரத்தைப் போக்கியது. ஈரம் மிகுந்த பருவத்துக்குத் தமிழர் கண்ட கூந்தல் உலர்த்தி இது என்று சொல்லலாம்.

நெடுநல்வாடையைப் பாடியவர் நக்கீரர். அதே பெயர் கொண்ட புலவர்தாம், பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற வழக்கில் இறைவனோடு வாதிட்டவர் என்று திருவிளையாடற் கதை சொல்கிறது. அறிவியலைக் கேட்டால் அது நக்கீரர் பக்கமே பேசும். மயிர் என்பது உயிரற்ற புரதத் தண்டு. நாம் உணரும் மணமோ வாடையோ, தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையிலிருந்தும், அங்கு வாழும் நுண்ணுயிர்களிடமிருந்தும், நாம் பூசும் பொருள்களிலிருந்தும் வருவது. ஈரத் தலையைப் பின்னி வைத்தால் வாடை எழுவதற்கும் இதுவே காரணம். ஈரமும் வெதுவெதுப்பும் நுண்ணுயிர்களுக்கு உகந்தவை.

அகிலின் இடத்தைப் பிற்காலத்தில் சாம்பிராணி பிடித்துக்கொண்டது. தூபக்காலில் தணலிட்டு, அதன்மேல் சாம்பிராணித் தூளைத் தூவி, கூடையைக் கவிழ்த்து, கூந்தலை அதன்மேல் பரப்பி உலர்த்தும் வழக்கத்தை நம் வீடுகளில் இன்றும் காணலாம். இதில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். கூடை தணலுக்கும் கூந்தலுக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட தூரத்தைக் காக்கிறது. அதன் கண்கள் வெப்பக் காற்றை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பிவிடுகின்றன. இன்றைய உலர்த்திகளின் முனையில் மாட்டும் 'டிஃப்யூசர்' என்ற அகன்ற கிண்ணமும் இதே வேலையைத்தான் செய்கிறது. கூடையின் குறை ஒன்றே: புகையை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு நல்லதன்று. கைக்குழந்தைகளுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் அது உறுதியாக ஆகாது.

மயிரால் ஆன கருவி

ஈரக் காற்றில் கூந்தல் ஏன் சிலிர்க்கிறது? இதை அளந்தே காட்டியவர் ஜெனீவா நகரத்து அறிஞர் சோசூர். ஆல்ப்ஸ் மலைகளில் ஏறி இறங்கி, காற்றின் இயல்புகளை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். 1783ஆம் ஆண்டில் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் முறைகளைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அதில் அவர் விளக்கிய ஈரமானியின் உயிர்நாடி என்ன தெரியுமா? மனிதனின் தலைமயிர்.

எண்ணெய்ப் பசை நீக்கிய ஒரு மயிரை இழுத்துக் கட்டி, அதன் முனையை ஒரு முள்ளோடு இணைத்தார் சோசூர். காற்றில் ஈரம் ஏறினால் மயிர் நீண்டது. ஈரம் குறைந்தால் சுருங்கியது. முள் அதற்கேற்ப நகர்ந்தது. முற்றிலும் வறண்ட காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்குப் போகும்போது மயிரின் நீளம் ஏறக்குறைய 2 சதவீதம் கூடுகிறது. பருமனோ இன்னும் அதிகமாக, சுமார் 14 சதவீதம் வரை பெருக்கிறது. இந்த மயிர் ஈரமானி ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் வானிலை நிலையங்களில் பணியாற்றியது.

ஆகவே வாசகர்களே, மழைக்காலத்தில் உங்கள் கூந்தல் சிலிர்த்தால் அதைக் குறையாக எண்ணவேண்டாம். ஏறக்குறைய ஒரு லட்சம் ஈரமானிகளை நீங்கள் தலையில் தாங்கி நிற்கிறீர்கள். அவை அனைத்தும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதே அதன் பொருள்.

உள்ளே நடப்பது

மயிரின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். அதன் வெளிப்புறத்தில் கூரை ஓடுகளைப் போலச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. உள்ளே கெராட்டின் என்ற புரத இழைகள் நீளவாக்கில் அடுக்கப்பட்டுள்ளன. 1930களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆஸ்ட்பரி என்ற அறிஞர் ஆட்டு மயிர், மனித மயிர் ஆகியவற்றின் ஊடே எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, இந்த இழைகள் மடிந்தும் நீண்டும் மாறக்கூடியவை என்று கண்டார். அவை திருகுச் சுருள் வடிவில் அமைந்துள்ளன என்று 1951இல் பாலிங்கும் அவருடைய துணைவர்களும் விளக்கினர். ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடிய முடியும், எவற்றில் முடியாது என்று 1963இல் வரைபடமாகவே காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரன். கெராட்டினின் சுருளும் அந்த வரைபடத்தின் எல்லைக்குள் அடங்குவதே.

இந்தப் புரதச் சங்கிலிகளை இரு வகைப் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டிவைக்கின்றன. ஒன்று கந்தகப் பிணைப்பு. இது வலியது, வேதிப் பொருள்களால் அன்றி எளிதில் அவிழாது. பிறவியிலேயே சுருட்டையாக உள்ள மயிர் எத்தனை முறை குளித்தாலும் சுருட்டையாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. இது மெலிந்தது, நீர் பட்டால் அவிழும், உலரும்போது மீண்டும் கட்டிக்கொள்ளும். எந்த நிலையில் மயிர் உலர்கிறதோ அந்த நிலையிலேயே அது கட்டிக்கொள்கிறது. ஈரத் தலையைப் பின்னி, காய்ந்தபின் அவிழ்த்தால் கூந்தல் அலை அலையாக இருப்பது இதனால்தான்.

இப்போது பரட்டையின் காரணம் விளங்கும். காற்றில் ஈரம் கூடும்போது ஒவ்வொரு மயிரும் நீரை உறிஞ்சிப் பருக்கிறது. அதன் ஹைட்ரஜன் பிணைப்புகள் சில அவிழ்கின்றன. மயிர் தன் பிறவி வடிவத்துக்குத் திரும்ப முயல்கிறது. நேர் மயிரில் எல்லா இழைகளும் ஒரே திசையில் படிந்திருப்பதால் மாற்றம் வெளியே தெரிவதில்லை. நெளி மயிரிலோ ஒவ்வோர் இழையும் தன் போக்கில் வளைகிறது. ஒன்று மற்றொன்றைத் தள்ளுகிறது. கூந்தல் உப்பி எழுகிறது. செதில்கள் தேய்ந்து போன மயிர் நீரை இன்னும் விரைவாக உறிஞ்சுவதால் அதில் சிலிர்ப்பு மேலும் கூடும்.

ஆலையில் ஒரு பாடம்

ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் செய்தி புதிதாக இராது. அங்கு 1936இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்டது முதல் பஞ்சும் நூலும் அப்பகுதியின் வாழ்வோடு பிணைந்துவிட்டன. ஆலைக்குள் ஈரப்பதத்தை அளந்து, குறைந்தால் நீர்த்துளிகளைத் தூவி, அதை ஓர் அளவில் நிறுத்துவார்கள். காற்று வறண்டால் உராய்வினால் நூலில் நிலைமின்னேற்றம் ஏறி, இழைகள் ஒன்றையொன்று விலக்கிச் சிலும்பும், நூல் அறுபடும்.

கூந்தலிலும் இதே மின்னேற்றம் உண்டு. வறண்ட நாளில் பிளாஸ்டிக் சீப்பால் வேகமாக வாரினால் மயிர் எழுந்து சீப்போடு ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆக, பரட்டை இரு வகையில் வருகிறது: ஈரம் மிகுந்தால் வளைவினால் வரும், ஈரம் மிகக் குறைந்தால் மின்னேற்றத்தால் வரும். இவை இரண்டையும் பிரித்தறிவது கருவி வாங்கும்போது உதவும்.

பஞ்சுக்கும் மயிருக்கும் ஒரு வேறுபாடும் இருக்கிறது. பருத்தி இழை நனைந்தால் வலிமை கூடும். மயிர் நனைந்தால் வலிமை குறையும். நனைந்த கூந்தலை நெருக்கப் பல் சீப்பால் இழுத்துச் சிக்கெடுப்பது மயிரை அறுப்பதற்குச் சமம். அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே வருவதே முறை.

மலை கடந்து வரும் காற்று

சோசூர் அலைந்த ஆல்ப்ஸ் மலைகளில் ஒரு விந்தையான காற்று வீசுவதுண்டு. அதன் பெயர் ஃபான். மலையின் ஒரு புறத்தில் மழை கொட்டும். மறுபுறத்தில் வெப்பமும் வறட்சியுமான காற்று பள்ளத்தாக்கில் இறங்கிப் பனியைக் கரைக்கும். மேலைக் காற்றைக் குறிக்கும் ஃபவோனியஸ் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது.

இக்காற்று எவ்வாறு உண்டாகிறது என்பதை ஆல்ப்ஸ் வரை போகாமல் கூமாப்பட்டியிலிருந்தே பார்க்கலாம். ஆடி மாதத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைமீது ஏறுகிறது. எடுத்துக்காட்டாக, அது 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்துடன் புறப்படுவதாகக் கொள்வோம். மேலே ஏறும் காற்று விரிந்து குளிரும். மேகம் தோன்றும் வரை ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குறையும். 500 மீட்டர் உயரத்தில் மேகம் தோன்றினால் அங்கு வெப்பம் 23 டிகிரி. அதற்குமேல் நீராவி நீராக மாறும்போது தன் உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆகவே குளிர்வது மெதுவாகிறது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 5 டிகிரி மட்டுமே குறையும். 1500 மீட்டர் உயரத்து முகட்டில் வெப்பம் 18 டிகிரி. மழை மேற்குச் சரிவிலும் முகட்டிலும் பெய்து தீர்கிறது.

இனி அக்காற்று கிழக்கே இறங்கவேண்டும். இறங்கும் காற்று அழுந்திச் சூடாகும். மேகம் இல்லாததால் ஆயிரம் மீட்டருக்கு 10 டிகிரி வீதம் முழுமையாகச் சூடேறும். 1500 மீட்டர் இறங்கி வரும்போது வெப்பம் 33 டிகிரி! புறப்பட்டதைவிட 5 டிகிரி அதிகம். முகட்டில் நூறு சதவீதமாக இருந்த ஈரப்பதம் அடிவாரத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடும். மேற்கே மழை கொட்டும் ஆடியில் கிழக்கே வறண்ட காற்று சுழற்றியடிப்பதும், அம்மியும் பறக்கும் என்று பழமொழி எழுந்ததும், இப்பகுதி மழை மறைவுப் பிரதேசம் எனப்படுவதும் இதனால்தான். முகட்டில் பெய்த மழையில் ஒரு பங்கு ஓடைகளாகக் கிழக்கே இறங்கிப் பிளவக்கல் அணைகளுக்கு வந்து சேர்கிறது. காற்று வறண்டு வந்தாலும் ஊர் பசுமையாக இருப்பதன் மர்மம் அது.

ஆடிக் காற்றில் துணி விரைவில் காயும். தலையும் விரைவில் காயும். சூடான, வறண்ட, விரைந்து வீசும் காற்று ஈரத்தைக் கவரும் என்ற இந்த உண்மையைத்தான் ஒரு கருவிக்குள் அடைத்தார்கள்.

கருவி பிறந்தது

பிரான்சைச் சேர்ந்த சிகை ஒப்பனைக் கலைஞர் அலெக்சாந்தர் கோதஃப்ராய் என்பவர் 1880களின் இறுதியில் கூந்தல் உலர்த்தும் கருவி ஒன்றை அமைத்தார். அடுப்பின் வெப்பக் காற்றைக் குழாய் வழியாகத் தலையைச் சூழ்ந்த உறைக்குள் செலுத்தும் ஏற்பாடு அது. கையில் எடுக்க இயலாதது. பெண்கள் அதன் அருகில் சென்று அமரவேண்டும்.

மின்சாரம் வீடுகளுக்கு வந்தபோதும் உடனே நல்ல கருவி கிடைத்துவிடவில்லை. செம்பழுப்பாகக் காய்ந்தும் எரிந்து அற்றுப்போகாத கம்பி தேவைப்பட்டது. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து செய்த உலோகத்துக்கு 1906இல் காப்புரிமை பெற்றார். அதன் வழி வந்த நைக்ரோம் கம்பிதான் இன்றைய இஸ்திரிப் பெட்டியிலும், மின் அடுப்பிலும், கூந்தல் உலர்த்தியிலும் காய்வது.

1908ஆம் ஆண்டு வாக்கில் பெர்லினைச் சேர்ந்த சானிடாஸ் என்ற நிறுவனம் தன் கைக்கருவிக்கு ஆல்ப்ஸ் காற்றின் பெயரையே வணிகப் பெயராகப் பதிவு செய்தது. அப்பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. இன்றும் ஜெர்மானியர் கூந்தல் உலர்த்தியை ஃபான் என்றே அழைக்கின்றனர். மலை செய்யும் வேலையைக் கருவி செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எந்தப் பெயர் சொல்லும்?

தொடக்க காலத்துக் கைக்கருவிகள் உலோக உடல் கொண்டவை. ஏறக்குறைய 2 கிலோ எடை இருந்தன. பேக்கலைட்டும் பிற பிளாஸ்டிக்குகளும் வந்தபின் எடை குறைந்தது; மின்திறன் ஏறியது. கூடவே ஆபத்துகளும் வெளிப்பட்டன. வெப்பம் தாங்குவதற்காக உள்ளே வைத்த கல்நார் என்ற ஆஸ்பெஸ்டாசின் துகள்கள் காற்றோடு முகத்தில் வீசப்படுவது தெரிந்து, 1979இல் அமெரிக்காவில் பெருங் கிளர்ச்சி எழுந்தது. தயாரிப்பாளர்கள் அதைக் கைவிட்டனர். நீர்த் தொட்டிக்குள் கருவி விழுந்து மின்சாரம் தாக்கி உயிரிழந்தவர்கள் பலர். இதைத் தடுக்க, நீர் பட்டதும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பிளக் 1991 முதல் அந்நாட்டில் கட்டாயமாயிற்று. நாம் இன்று கடையில் காணும் கருவியின் ஒவ்வொரு பாதுகாப்பும் யாரோ ஒருவர் பட்ட துன்பத்தின் விலை.

ஒரு கணக்கு

எத்தனை வாட் கருவி வேண்டும் என்று கேட்பார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். துவட்டிய பின்னும் நீண்ட கூந்தலில் 100 கிராம் நீர் தங்கியிருப்பதாகக் கொள்ளுங்கள். ஒரு கிராம் நீரை ஆவியாக்கச் சுமார் 2430 ஜூல் ஆற்றல் வேண்டும். ஆகவே 100 கிராமுக்கு 2,43,000 ஜூல். 1000 வாட் கருவி நொடிக்கு 1000 ஜூல் தருகிறது. ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டால் 243 நொடி, அதாவது நான்கு நிமிடம் போதும். நடைமுறையில் பெரும்பகுதி வெப்பம் அறைக் காற்றோடு கலந்துவிடுவதால் இதைப் போலப் பல மடங்கு நேரம் ஆகும். பருத்தித் துண்டால் கூடுதலாக 20 கிராம் நீரை ஒற்றி எடுத்துவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு நேரமும் வெப்பமும் மிச்சம். ஆகவே முதல் உலர்த்தி துண்டுதான். ஆனால் தேய்க்கக் கூடாது; ஒற்றவேண்டும். தேய்த்தால் செதில்கள் எழும்பிப் பரட்டை கூடும்.

இன்னொரு கணக்கு காற்றின் வறட்சியைப் பற்றியது. மழை நாளில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் சுமார் 17 சதவீதமாகிவிடுகிறது. ஒரு சொட்டு நீரும் வெளியேறவில்லை. ஆனால் நீரைக் கவரும் திறன் பெருகிவிட்டது. ஆடிக் காற்றைவிட வறண்ட காற்று உங்கள் கையில்!

வெப்பத்தின் தீங்கு

அந்த வல்லமையே தீங்கும் செய்யும். ஈர மயிருக்குள் இருக்கும் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் ஆவியாகி விரிந்து, உள்ளேயே குமிழ்களை உண்டாக்கும். குமிழ் விழுந்த இடத்தில் மயிர் முறியும். 175 டிகிரிக்கு மேல் சூடாகும் உலர்த்திகளால் இது நேரக்கூடும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1994இல் எடுத்துக்காட்டினர்.

கொரிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பயனுள்ளது. உலர்த்தியை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது மயிரில் பட்ட வெப்பம் 47 டிகிரி. 10 சென்டிமீட்டரில் 61. 5 சென்டிமீட்டரில் 95. அருகே நெருங்க நெருங்க மேற்புறச் சேதம் கூடியது. இதில் எவரும் எதிர்பாராத முடிவு ஒன்றும் கிடைத்தது. வெப்பமே காட்டாமல் தானாக உலரவிட்ட மயிரில் மேற்புறம் நன்றாக இருந்தது; ஆனால் உள்ளே செல்களை ஒட்டவைக்கும் படலம் பழுதாகியிருந்தது. நீண்ட நேரம் நீரில் ஊறிப் பருத்திருப்பதும் மயிருக்கு நல்லதன்று போலும். 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை அசைத்துக்கொண்டே உலர்த்துவதே சிறந்தது என்று அவர்கள் முடிவு கூறினர். ஒரு சாண் என்பது இதைவிடச் சற்று அதிகம். ஆகவே 'சாண் தூரம்' என்று நினைவில் கொண்டால் போதும். சாம்பிராணிக் கூடை காத்த தூரத்தையும் இங்கு எண்ணிப் பாருங்கள்.

நம் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கும் இதில் பங்கு உண்டு. தேங்காய் எண்ணெய் மயிருக்குள் ஊடுருவி, குளிக்கும்போது புரதம் இழப்பதைக் குறைக்கிறது என்று மும்பை ஆய்வாளர்கள் 2003இல் காட்டினர். குளிப்பதற்கு முன்பே தடவுவது மிகுந்த பயன் தரும்.

கடையில் எதைப் பார்ப்பது?

இவ்வளவும் அறிந்தபின், கருவியைத் தேர்ந்தெடுப்பது கடினமன்று.

முதலாவது, வீட்டின் மின்செருகியைப் பாருங்கள். நம் நாட்டில் மின்னழுத்தம் 230 வோல்ட். 6 ஆம்பியர் செருகி தாங்கக்கூடியது 1380 வாட் மட்டுமே. 1800 வாட் கருவி சுமார் 7.8 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பவர் பிளக் தேவை. சிறிய செருகியில் இணைப்பான் போட்டு மாட்டினால் ஒயர் காய்ந்து உருகும். நீண்ட கூந்தலுக்கும் 1000 முதல் 1200 வாட் கருவி போதுமானது; சற்றுக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவே.

இரண்டாவது, வெப்பத்துக்கும் காற்றின் வேகத்துக்கும் தனித்தனி விசைகள் இருக்கவேண்டும். குறைந்த வெப்பத்தில் நிறைந்த காற்று கிடைப்பதே நெளி மயிருக்கு ஏற்றது.

மூன்றாவது, குளிர்காற்று விசை. இதை வீண் அலங்காரம் என்று எண்ணாதீர்கள். ஹைட்ரஜன் பிணைப்புகள் உலர்ந்து ஆறும்போதே இறுகுகின்றன. சூட்டில் வடிவமைத்த கூந்தலை அந்த நிலையில் பிடித்துக்கொண்டு குளிர்காற்று காட்டினால் வடிவம் நிலைக்கும்.

நான்காவது, முனைகள். சுருளை அப்படியே காக்க விரும்பினால் டிஃப்யூசர் கிண்ணம். காற்று பரவி வருவதால் சுருள்கள் கலையா. நேராகப் படியவைக்க விரும்பினால் ஒடுங்கிய தட்டை முனை; அதை வேரிலிருந்து நுனி நோக்கிப் பிடித்தால் செதில்கள் படியும். எதிர்த்திசையில் காட்டினால் அவை எழும்பும்.

ஐந்தாவது, 'அயனி' என்ற சொல். எதிர்மின் அயனிகள் மயிரில் ஏறிய நிலைமின்னேற்றத்தைக் குறைக்க உதவலாம். அது வறட்சியால் வரும் பரட்டைக்குப் பொருந்தும். மழைக்கால ஈரத்தால் வரும் பரட்டைக்கு அதில் மாயம் ஏதுமில்லை. அதற்காக இரட்டிப்பு விலை கொடுக்கவேண்டியதில்லை. செராமிக் பூச்சு வெப்பத்தைச் சீராகப் பரப்பலாம். ஆனால் கருவியின் வெப்ப விசையும் உங்கள் கையின் தூரமுமே முதன்மையானவை.

ஆறாவது, பாதுகாப்பு. ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பாருங்கள். அளவு மீறிச் சூடானால் தானே நின்றுவிடும் ஏற்பாடு இருக்கவேண்டும். பின்புறத்துக் காற்று வழியில் தூசியும் மயிரும் அடைத்தால் உள்ளே வெப்பம் ஏறும். வலையை அடிக்கடி துடைக்கவேண்டும். குளியலறையில், ஈரத் தரையில், ஈரக் கையோடு கருவியைத் தொடவே கூடாது. வீட்டில் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துவது, எந்த விலையுயர்ந்த உலர்த்தியையும்விட நல்ல முதலீடு.

செலவை அஞ்சவேண்டாம். 1000 வாட் கருவி 15 நிமிடம் ஓடினால் கால் யூனிட் மின்சாரம்தான்.

இறுதியாக ஒரு செய்தி. நெளி மயிரை அடக்கவேண்டிய குறை என்று விளம்பரங்கள் நமக்குச் சொல்லித்தருகின்றன. நம் பழம்புலவர்களோ ஆறு வற்றிய பின் கருமணலில் படிந்து கிடக்கும் அலைக்கோடுகளைப் பார்த்து, இது பெண்ணின் கூந்தலைப் போல் உள்ளது என்று வியந்தார்கள். அந்த மணலுக்கு அறல் என்று பெயரும் வைத்தார்கள். கூந்தலை முடிக்கும் ஐந்து வகைகளுள் சுருளையும் ஒன்றாக எண்ணினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாளின் சாய்ந்த கொண்டையைக் கண்டு நிற்பவர்கள் கூந்தலை எத்தனை விதமாக அழகு செய்யலாம் என்பதை அறிவார்கள்.

ஆகவே உலர்த்தியை வாங்குங்கள். ஈரத் தலையோடு பள்ளிக்கும் வேலைக்கும் ஓடும் தொல்லை தீரட்டும். ஆனால் அது கூந்தலைத் திருத்தும் கருவி அன்று, ஈரத்தைப் போக்கும் கருவி மட்டுமே என்பதை மறவாதீர்கள். ஆடியில் கூமாப்பட்டிக்கு மேற்கே நிற்கும் மலை அந்த வேலையைக் காசு வாங்காமல் செய்கிறது. ஐப்பசி, கார்த்திகைக்கு மட்டும் பெட்டியிலிருந்து கருவியை எடுத்தால் போதும்.